மோட்டார் ரூமில் ஐம்பத்திரண்டு

பெட்டியின் மேல் ஆயிரத்து இருநூறு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்த என் வீட்டுக்காரர் ஜெர்வின் முகத்திலும் அதே ஆயிரத்து இருநூறு எழுதி ஒட்டியிருந்தது.

“ஏட்டி ஷீனா, ஆயிரத்தி இருநூறு எம்பிபிஎஸ்! ராஜபாளையத்துல அந்தக் கடையில கடைசியா இருந்த செட்டு. இனி நீ சென்னைக்குப் போவ வேண்டாம், பாத்துக்கோ.”

ஜெர்வின் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். நான் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஹெல்ப் டெஸ்க்கில் இருந்தேன். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் நாங்கள் சேர்ந்து இருந்ததைக் கூட்டிப் பார்த்தால் ஒரு கிறிஸ்மஸ் லீவும் சில ஞாயிற்றுக்கிழமைகளும்தான் தேறும். விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு புருஷனோடு போனில் குடும்பம் நடத்தி எனக்கு அலுத்துப்போயிருந்தது.

அப்போதுதான் அந்த வேலை தட்டுப்பட்டது. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் இங்கிலீஷ் தெரியாத தமிழ் நோயாளிகள் வருவார்கள். டாக்டர் சொல்வதைத் தமிழிலும், நோயாளி சொல்வதை இங்கிலீஷிலும் வீடியோவில் உடனுக்குடன் மாற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் இருந்தே செய்யலாம். மொழித் தேர்வில் தேறிவிட்டேன். மிச்சம் இருந்தது இன்டர்நெட் லைன் தேர்வு. கதவைச் சாத்திய தனி அறை வேண்டும். வைஃபை கூடாது, கேபிள்தான். வேகம் இருபது எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழே இறங்கக் கூடாது. வரும் ஒன்றாம் தேதி மதியம் ஒரு மாதிரி உரையாடல் வைப்பார்கள். அதில் தேறினால் வில்லிபுத்தூர், தேறாவிட்டால் லீவு முடிந்ததும் சென்னை விடுதி.

பெட்டிக்குள் இருந்தவை பவர்லைன் அடாப்டர்கள், இரண்டு. ஒன்றை ரவுட்டர் பக்கத்துப் பிளக்கில் சொருகி ரவுட்டரோடு இணைக்க வேண்டும். இன்னொன்றை வேறு அறையில் சொருகினால், வீட்டுக்குள் ஏற்கெனவே ஓடுகிற கரண்டு ஒயர் வழியாகவே இன்டர்நெட் அங்கே வந்து சேரும். புதிதாக ஒயர் இழுக்கத் தேவையில்லை.

இங்கேதான் நான் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஒயர் இழுப்பது சொத்துத் தகராறு. மாமனார் கட்டியது ஒரே நீள வீடு, முன் வாசல் ரோட்டில், பின் வாசல் சந்தில். அவர் காலமானதும் முன்பாதி ஜெர்வினின் அண்ணன் ஏசுவடியான் அத்தானுக்கும் பின்பாதி எங்களுக்கும் என்று பாகம் பிரித்தார்கள். நடுவில் சுவர் எழுந்தது. அன்றைக்கு ஏதோ ஒரு கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கம் போவது என்று வாய்த்தகராறு வந்து, “இனி ஒண்ணும் இந்தச் சுவரைத் தாண்டக் கூடாது, கொடிக்கயிறுகூட” என்று அத்தான் சொல்லிவிட்டார். “சரி” என்றார் இவர். அண்ணன் தம்பி இருவரும் கடைசியாகப் பேசிக்கொண்டது அதுதான். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை ஒரே பெஞ்சில்தான் உட்காருவார்கள், இவர் இந்தக் கோடியில், அவர் அந்தக் கோடியில்.

நல்லவேளை, அத்தானின் மனைவி கேத்ரின் அக்காவுக்கு இந்த வீம்பெல்லாம் கிடையாது. எங்கள் பக்கத்துக் கம்பத்துப் பெட்டியில் இடமில்லை என்று ஃபைபர்காரர்கள் கையை விரித்தபோது, “எங்க லைன எடுத்துக்கோ ஷீனா” என்றவர் அவர்தான். அத்தானுக்கு அது தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொண்டார். சுவரைத் தாண்டி ஒரு கேபிள் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டால் தீர்ந்துபோகிற விஷயம். கேட்க வேண்டிய வாய் என் வீட்டுக்காரருடையது. அதற்குப் பதில் அவர் ராஜபாளையத்தில் கடை கடையாக அலைந்து இந்தப் பெட்டியை வாங்கி வந்தார்.

அக்கா முன் வீட்டில் ஒன்றைச் சொருகினார். நான் என் அறையில் மற்றதைச் சொருகி, லேப்டாப்பை இணைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வேகம் பார்த்தேன்.

மூன்று. அப்புறம் ஒன்று. அப்புறம் லைனே இல்லை. அடாப்டரில் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.

“ஆயிரத்தி இருநூறு எங்க போச்சு?” ஜெர்வின் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அந்தக் கடைக்காரன இன்னைக்கு விடுதேனா பாரு.” சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பியே விட்டார்.

“செத்த நேரம் சும்மா இருங்க” என்று சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். எனக்கு ஒரு குணம் உண்டு. ஒரு சாமான் மக்கர் பண்ணினால் கோபம் வரும், கோபம் வந்தால் அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விடமாட்டேன். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை எடுத்தேன். பொடி எழுத்தில் இருந்ததை எல்லாம் படித்தேன். போதாமல் போனில் தேடினேன். படிக்கப் படிக்க எனக்குக் கோபம் போய் உற்சாகம் ஏறியது.

“இங்க பாருங்க. இந்த ஆயிரத்தி இருநூறுங்கிறது போறதையும் வாரதையும் சேத்துக் கூட்டுன கணக்கு. அதுவும் பரிசோதனைக் கூடத்துல, சுத்தமான ஒயர்ல. வீட்டு ஒயர்ல ஓட ஆரம்பிச்சா பத்துல ஒரு பங்கு வந்தாலே பெருசாம்.”

“அப்ப ஏமாத்துதான்தான?”

“பொறுங்க. அக்கா வீட்டு பிளானே நூறுதான். தெருக்குழாய்ல ஒரு குடம் தண்ணிதான் வருதுன்னா, வீட்டுல தொட்டி எம்புட்டுப் பெருசாக் கட்டி என்ன? நமக்கு வேணும்கிறது இருவதுதாங்க. அந்த இருவது ஆடாம அசையாம வரணும், அம்புட்டுத்தான்.”

“வந்தது மூணுல்லா?”

அதற்கும் தாளில் பதில் இருந்தது. இரண்டு அடாப்டரும் ஒரே மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அதைப் படித்துக் காட்டியதும் ஜெர்வினின் முகம் தொங்கிவிட்டது. “பாகம் பிரிச்சப்பவே மீட்டரும் ரெண்டாயிருச்சே” என்றார்.

அப்படியானால் அந்த மூன்று எம்பிபிஎஸ் அக்கா வீட்டு மீட்டர் வழியாக வெளியே போய், தெருக் கம்பத்தில் ஏறி, எங்கள் மீட்டர் வழியாக உள்ளே வந்திருக்கிறது! எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. நொண்டி நொண்டியாவது வந்ததே என்று அந்த மூன்றின் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது.

அதன் பிறகு எனக்குப் பேய் பிடித்தது. எங்கள் பாதியில் இருந்த எல்லாப் பிளக்கிலும் சொருகிப் பார்த்தேன். அடுக்களை, ஹால், குளியலறை ஹீட்டர் பாயிண்ட். எல்லாம் சிவப்பு. மிஞ்சியது மோட்டார் ரூம். போர்வெல் ஒன்றுதான், இரண்டு வீட்டுக்கும் பொது. அதனால் சுவர் முடிகிற மூலையில் இரண்டு பக்கமும் கதவு வைத்து ஒரு சின்ன அறை. என் அறை ஜன்னலுக்கு நேர் வெளியே. அங்கே டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பாயிண்ட் இருந்தது. ஒட்டடையைத் தள்ளிவிட்டுச் சொருகினேன்.

பச்சை.

“என்னங்க! பச்ச!” என்று நான் போட்ட சத்தத்தில் ஜெர்வின் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார். லேப்டாப்பை மோட்டார் மேலேயே வைத்து வேகம் பார்த்தேன். முப்பத்தொன்று!

எனக்கு முப்பத்தொன்று போதும். ஆனால் ஆசை விடவில்லை. அக்காவுக்குப் போன் போட்டேன். “அக்கா, அங்க அடாப்டர எதுல சொருகியிருக்கிய?”

“எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்லதான். டிவி, செட்டாப் பாக்ஸ், எல்லாம் அதுலதான கெடக்கு.”

“அதுல வேண்டாம்க்கா. நேரா செவுத்துல இருக்க பாயிண்ட்ல சொருகுங்க.”

நாற்பத்தேழு!

“அக்கா, பக்கத்துல வேற என்ன ஓடுது?”

“ஒங்க அத்தான் போன் சார்ஜர். அந்த மட்டமானது, குளவி மாதிரி இரைஞ்சிக்கிட்டே கெடக்குமே.”

“அதப் புடுங்குங்க!”

ஐம்பத்திரண்டு!

ஜெர்வின் என்னைத் தூக்கிச் சுற்றினார். அந்த அறையில் சுற்ற இடமில்லை, என் முழங்கை பைப்பில் இடித்தது, அதையும் மீறிச் சிரித்தேன். அக்கா போனிலேயே, “ஏட்டி, நான் மிக்ஸியப் போடுதேன், பாரு” என்றார். முப்பத்தெட்டுக்கு இறங்கியது. நிறுத்தியதும் ஏறியது. ஜெர்வின் மோட்டாரை ஓடவிட்டார். அறையே அதிர்ந்தது. இருபத்திரண்டு.

“மோட்டாரு ஓடுனாக்கூட இருவத்திரண்டு!” என்று கத்தினேன். இருபது வேண்டும், இருபத்திரண்டு இருக்கிறது. இதைவிட ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும்?

ஒரே ஒரு கேள்வி மட்டும் எட்டிப் பார்த்தது. “ஏங்க, எங்கயும் வராதது இங்க மட்டும் எப்படி வருது?”

“மோட்டாரு பொதுல்லா. லைனும் பொதுவா இருக்கும்” என்றார் ஜெர்வின்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஐம்பத்திரண்டைப் பார்த்த கண்ணுக்கு வேறு எதுவும் தெரியவில்லை. ஒழுங்காக மூளையைக் கசக்கியிருந்தால், மின்வாரியத்தில் ‘பொது லைன்’ என்று ஒன்று கிடையாது என்பது தெரிந்திருக்கும். மீட்டர் இரண்டுதான் என்றால் அந்தப் பிளக் ஏதாவது ஒரு மீட்டரைச் சேர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

அன்றிலிருந்து ஜன்னல் வழியாக ஒரு கேபிள் என் மேசைக்கு வந்தது. காலையில் பார்ப்பேன், மதியம் பார்ப்பேன், விளக்கு வைத்த பிறகு பார்ப்பேன். கேத்ரின் அக்கா காய்ச்சல்காரியை விசாரிப்பது போல, “இன்னைக்கு எம்புட்டு?” என்று போனில் கேட்பார். நாற்பத்தெட்டு, ஐம்பத்தொன்று, ஒருநாள் ஐம்பத்தாறுகூட.

ஒன்றாம் தேதி வந்தது. ஜெர்வின் ஷிப்டை மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தார். அக்கா மிக்ஸியைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தார். நான் கதவைச் சாத்தி, மைக்கை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

திரையில் தேர்வு வைக்க வந்தவர் லண்டனில் இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. அவர் நோயாளியாக நடித்தார், இன்னொரு வெள்ளைக்கார அம்மா டாக்டர். நெஞ்சு நோவு, இடது கையில் விறைப்பு, எப்போதிலிருந்து, என்ன மாத்திரை. எனக்கு வாய் தானாக ஓடியது. ஆஸ்பத்திரி ஹெல்ப் டெஸ்க்கில் கத்திக் கத்திப் பழகிய வாய் அல்லவா! நன்றாகப் போகிறது என்று எனக்கே தெரிந்தது. உள்ளுக்குள் ஒரு குதியாட்டம்.

“வயித்துக்கையும் ஒரு எரிவு கிடக்கு…” என்று அந்த அம்மா சொன்னபோது அவர் முகம் திரையில் அப்படியே நின்றது.

நான் வேகத்தைப் பார்த்தேன். சைபர். ஜன்னலில் எட்டிப் பார்த்தால் அடாப்டரில் சிவப்பு.

போனில் அந்த அம்மாவின் செய்தி வந்து விழுந்தது: “லைன் நிண்டு போட்டுது. பத்து நிமிசம் பாப்பன், அதுக்குப் பிறகு முடிச்சிடுவன்.”

ஓடினேன். மோட்டார் ரூமில் எங்கள் பக்கக் கதவில் ஜெர்வின் நின்றார், அந்தப் பக்கக் கதவில் ஏசுவடியான் அத்தான். நடுவில் சுவரில் இருந்த இரும்புக் கைப்பிடியின் மேல் அத்தானின் கை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“என்ன அத்தான் பண்ணுனீங்க?”

“ஒண்ணாந்தேதில்லாம்மா” என்றார் அத்தான், நிதானமாக. “போன மாசம் எங்க லைன்ல மோட்டாரு ஓடுச்சு. இந்த மாசம் ஒங்க லைன். மாத்திவிட்டேன்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் கைப்பிடியை மேலே தள்ளினால் முன் வீட்டுக் கரண்டு, கீழே தள்ளினால் பின் வீட்டுக் கரண்டு. பாகம் பிரித்த நாளில் இருந்து ஒரு மாதம் அவர்கள் கரண்டில் தண்ணீர், ஒரு மாதம் எங்கள் கரண்டில். அத்தான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறார், கோயில் கமிட்டியில் பொருளாளர், முறை என்றால் முறைதான். ஒன்றாம் தேதி சாப்பிட வரும்போது கைப்பிடியை மாற்றாமல் கை கழுவமாட்டார். சென்னையில் கிடந்த எனக்கு இது தெரியாது. என் வீட்டுக்காரருக்குத் தெரியும், மாதாமாதம் பார்த்திருக்கிறார், இருந்தும் ஐம்பத்திரண்டு வந்த குஷியில் இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை. அடாப்டர் மாட்டியிருந்த பிளக் இத்தனை நாளும் முன் வீட்டு மீட்டரில் இருந்தது. இப்போது எங்கள் மீட்டருக்கு வந்துவிட்டது.

ஒரே மூச்சில் கொட்டினேன். “அத்தான், அதுல என் பரீட்ச ஓடிக்கிட்டு இருக்கு. அத மேல தள்ளுங்க. பரீட்ச வைக்கிற அம்மா பத்து நிமிசம்தான் காத்திருப்பாக. போச்சுன்னா நான் திரும்பச் சென்னைக்குத்தான் போவணும்.”

அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். “இது அவனுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் நான் கைய வைக்கும்போது பாத்துக்கிட்டு நிக்கான். ஏலே, வாய்ல என்ன வச்சிருக்க? ‘மாத்தாதீங்க’ன்னு ஒரு வார்த்த வராதா? ரெண்டு வருசமா என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கியா நீ?”

ஜெர்வின் சுவரைப் பார்த்தார், பைப்பைப் பார்த்தார், தன் கால் விரலைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அங்கே லண்டனில் ஒரு அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், இங்கே இரண்டு தடிமாடுகள் யார் முதலில் வாயைத் திறப்பது என்று நிற்கின்றன.

“ஏங்க, பேசுதீங்களா இல்ல நான் பொட்டியக் கட்டட்டுமா?” என்று அலறினேன்.

“அண்ணே” என்றார் ஜெர்வின். “போடுங்கண்ணே. ஒங்க லைன்லயே கெடக்கட்டும். அவ இங்க இருக்கணும்ணே.”

அத்தான் கைப்பிடியை மேலே தள்ளினார். டக் என்று ஒரு சத்தம். சிவப்பு சிமிட்டியது, நின்றது, மறுபடி சிமிட்டியது. பச்சை!

எப்படி நாற்காலிக்கு வந்தேன் என்று தெரியாது. இணைப்பு வந்தது. அந்த அம்மா இன்னும் இருந்தார்.

“மன்னிச்சுக்கோங்க. வயித்துலயும் எரிச்சல் இருக்குன்னு சொன்னீங்க, அதுல இருந்து டாக்டருக்குச் சொல்லுதேன்” என்று விட்ட இடத்தில் இருந்து தொடங்கினேன். கடைசிவரை தடுமாறவில்லை.

எல்லாம் முடிந்ததும் அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். “நல்லாச் செய்தீங்கள், பிள்ளை. ஆனா ஒண்டு கேக்கோணும். உண்மையிலேயே ஒராள் நெஞ்சு நோவோட கிடக்கேக்க இப்பிடி லைன் போனா என்ன செய்வியள்? திரும்பப் போகாதெண்டு நான் எப்பிடி நம்புறது?”

பெட்டியில் ஆயிரத்து இருநூறு என்று போட்டிருக்கிறது என்று சொல்லலாம். சொல்ல மனம் வரவில்லை.

“உள்ளதச் சொல்லுதேன். எனக்கு வாரது அம்பதுதான். மிக்ஸி ஓடுனா முப்பத்தெட்டு, மோட்டாரு ஓடுனா இருவத்திரண்டு. அதுக்குக் கீழ போனதில்ல. இன்னைக்குப் போனது வேகத்தால இல்ல. ஒரு சுவிட்ச மாத்திட்டாங்க. அந்த சுவிட்சு என் கையில இல்ல.”

“பின்ன ஆற்றை கையில?”

நான் வாயைத் திறப்பதற்குள் ஜன்னலுக்கு வெளியே இருந்து கணீரென்று குரல் வந்தது.

“என் கையில. ஏம்மா ஷீனா, அந்த அம்மாட்ட சொல்லு. இனி எந்த ஒண்ணாந்தேதியும் அந்த லைன் நிக்காது. ஏசுவடியான் சொல்லுதான்னு சொல்லு.”

“ஆர் அது?” அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“என் வீட்டுக்காரரோட அண்ணன்.”

“அப்ப சரி. திங்கட்கிழமையில இருந்து வாங்கோ.”

நான் வெளியே பாய்ந்தபோது வீட்டில் ஒருவரும் இல்லை. மோட்டார் ரூமிலும் இல்லை. சுவர்ப் பக்கம் சத்தம் கேட்டது. ஜெர்வின் ஏணி போட்டுச் சுவர் உச்சியில் ஏறி உட்கார்ந்திருந்தார், ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம். அந்தப் பக்கத்தில் இருந்து அத்தான் கத்திக்கொண்டிருந்தார்.

“கரண்டு ஒயர்ல விட்டு வித்த காட்டுதானாம்! ஒரு நேரான கேபிள இழுக்கத் தெரியல. நாளைக்குக் கடையத் தொறக்கதுக்கு முந்தி நீளக் கேபிளு வாங்கிட்டு வாரேன். இங்கன ஒரு ஆணி அடிச்சா போதுமா பாரு.”

“இன்னுங் கொஞ்சம் தள்ளிண்ணே. மழைத்தண்ணி விழும்.”

“எவம்லே இவன், எனக்கே சொல்லித்தாரான்.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கீழே நின்றபடி, “வேல கெடச்சிருச்சு!” என்று கத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கத்தில் கேத்ரின் அக்கா கைதட்டுவது கேட்டது. ஜெர்வின் சுவர் மேலிருந்தே என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

“சுத்தியல எடுத்துத் தா ஷீனா” என்றார். “அண்ணன் கேக்காக.”